காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்

நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஏழு வயது மகனுக்கு இரத்தப் புற்றுநோய். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் எட்டு மாதம் வைத்தியம் நடந்து, இப்போது வீட்டிலிருந்தே குளிசை குடிக்கிறான். மாதம் ஒருமுறை கிளினிக். "இரவில் காய்ச்சல் வந்தால் காலையில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனால் போதுமா? மாமியார் பப்பாசி இலைச் சாறு கொடுக்கச் சொல்கிறார், கொடுக்கலாமா? பள்ளிக்கூடம் எப்போது அனுப்பலாம்?" என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன். மற்ற இரண்டையும் ஆறுதலாக யோசிக்கலாம், காய்ச்சலுக்கு அந்த நேரம் கிடைக்காது.

காலைவரை பொறுக்க முடியாது, தங்கச்சி. இந்தக் குளிசைகள் நோயை அடக்கும்போது கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களையும் சேர்த்துக் குறைக்கின்றன. அதில் நியூட்ரோஃபில் என்ற அணு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 500-க்குக் கீழே இறங்கியிருந்தால், சாதாரணக் கிருமிகூட இரத்தத்தில் கலந்து சில மணித்தியாலங்களில் பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகிவிடலாம். வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. சீழ் கட்டுவதற்கும் புண் சிவந்து வீங்குவதற்கும் அந்த அணுதானே வேண்டும்! பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம்.

நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதை நம்பாதீர்கள். மழையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த கைக்கு எந்தப் பிள்ளையின் நெற்றியும் சுடும். அடுப்படியிலிருந்து எழுந்து வந்த கைக்குக் காய்ச்சல் நெற்றியும் சாதாரணமாகத்தான் இருக்கும். டிஜிட்டல் தெர்மோமீட்டர் ஒன்று வாங்கி, சட்டைக்குள்ளே கக்கத்தில் வைத்துப் பாருங்கள். 38 டிகிரி, அதாவது பாரன்ஹீட்டில் 100.4 வந்தால் புறப்படவேண்டியதுதான். 37.5-ஐத் தாண்டியிருந்தால் அரை மணித்தியாலத்தில் மறுபடி பாருங்கள். காய்ச்சலே இல்லாமல் நடுங்கினாலும், கைகால் சில்லிட்டுச் சோர்ந்து கிடந்தாலும் அதே அவசரம்தான்.

பெனடோல் கொடுத்துப் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். சூடு இறங்கும், கிருமி உள்ளேயே இருக்கும். ஐபுபுரோஃபன், அஸ்பிரின் இரண்டும் இரத்தக் கசிவைக் கூட்டும், வேண்டாம். காய்ச்சலுக்கு ஆசனவாயில் வைக்கும் மருந்தும் கூடாது. அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி உள்ளே போக வழியாகிவிடும்.

தோட்டத்து டிஸ்பென்சரியைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பிள்ளைக்கு வேண்டியது இரத்தப் பரிசோதனையும், ஆஸ்பத்திரி வாசலை மிதித்து ஒரு மணித்தியாலத்துக்குள் நரம்பில் ஏற்றும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும். அதனால் நேராக டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கிருந்து வேறு இடத்துக்கு அனுப்பவேண்டுமா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். 1990-க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம். பாதை மோசமென்றால், லயத்தில் த்ரீவீல் வைத்திருக்கும் ஒருவரிடம் இன்றைக்கே பேசி வைத்துவிடுங்கள். இரவு ஒரு மணிக்குக் கதவைத் தட்டினால் ஏன் எதற்கு என்று கேட்காமல் அவர் வண்டியை எடுக்கவேண்டும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. இரவு டியூட்டி டாக்டருக்கு உங்கள் மகனைத் தெரியாது. அடுத்த கிளினிக்கில் நோயின் பெயர், குடிக்கும் மருந்துகள், காய்ச்சல் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியோடு வைத்து, ஃபோனிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்காமல் நேரே போய், "பிளிக்காவட்ட பெஹெத் கன்ன ளமயெக், உண தியெனவா" என்று சிங்களத்தில் சொல்லுங்கள். புற்றுநோய்க்கு மருந்தெடுக்கும் பிள்ளை, காய்ச்சல் இருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். மனப்பாடமாக இருக்கட்டும்.

காய்ச்சலைப் பிள்ளைகள் ஒளிப்பார்கள், அதையும் சொல்லவேண்டும். நான் பார்த்த ஒரு சிறுமி, அம்மா தெர்மோமீட்டரை எடுத்தாலே ஸ்வெட்டரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "குளிருதும்மா" என்று சுருண்டுகொள்வாள். காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் முதுகில் ஊசி என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். காய்ச்சலுக்குப் போனால் பொதுவாகக் கையில்தான் குத்துவார்கள், முதுகில் இல்லை என்று அவளுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. உங்கள் மகனுக்கு அதைச் சொல்லுங்கள். வலிக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒருமுறை பொய் என்று கண்டுபிடித்துவிட்டால் அடுத்த முறை வாயே திறக்கமாட்டான்.

குளிசை விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் மாத வைத்தியத்திலேயே இரத்தம் சுத்தமாகிவிடும். பிறகும் மொத்தமாக இரண்டு மூன்று வருடம் மருந்து கொடுப்பது, கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் செல்களுக்காக. பிள்ளை ஓடி விளையாடுகிறானே என்று இடையில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும், திரும்பிய நோயை அடக்குவது இன்னும் கஷ்டம். வழக்கமாக மெர்காப்டோபியூரின் தினமும், மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே நாளும் கொடுப்பார்கள். வாரக் குளிசையைத் தெரியாமல் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அந்த நாளைக் கலண்டரில் சிவப்பில் வட்டம் போடுங்கள். கொடுக்கும் பொறுப்பு வீட்டில் ஒருவரிடமே இருக்கட்டும்.

பப்பாசி இலைச் சாறு வேண்டாம். டெங்குக்குக் கொடுத்துப் பழகியதால் மாமி சொல்லியிருப்பார், பேரன் மேலுள்ள பாசம் அது. ஆனால் இவன் குடிக்கும் குளிசைகள் ஏற்கனவே ஈரலுக்குச் சுமை, அதோடு சாறும் கசாயமும் சேர்ந்து என்ன செய்யும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நன்றாகக் கழுவித் தோல் சீவிய பப்பாசிப் பழத்தை மாமியின் கையாலேயே ஊட்டச் சொல்லுங்கள். பீலித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள். அணுக்கள் குறைவாக இருக்கும் நாட்களில் பச்சை வல்லாரைச் சம்பலுக்குப் பதிலாகக் கீரையை வேகவைத்துக் கொடுங்கள், முட்டையும் நன்றாக அவிந்திருக்கட்டும்.

பள்ளிக்கூடம்? கிளினிக்கில் அணுக்கள் போதும் என்று சொன்னால் அனுப்பலாம், அனுப்பத்தான் வேண்டும். இந்த நோய்க்குப் போடும் சில ஊசிகள் கால் நரம்பைப் பலவீனமாக்கும். லயத்துப் படிகளில் தடுக்கி விழுகிறானா என்று பாருங்கள், விழுந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். டாக்டரைக் கேட்காமல் எந்தத் தடுப்பூசியும் போடவேண்டாம். வகுப்பு டீச்சரை நேரில் பார்த்து, யாருக்காவது கொப்புளிப்பானோ சின்னமுத்தோ வந்தால் அன்றைக்கே உங்களுக்கு ஃபோன் பண்ணச் சொல்லுங்கள். நீங்களும் அன்றே கிளினிக்குக்குத் தெரிவிக்கவேண்டும். அதற்கான பாதுகாப்பு மருந்தை முதல் சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் பலன்.