மருந்து ஒவ்வாமைக்குச் ‘சைட்டோகைன் டெஸ்ட்’ செய்யலாமா?

கேள்வி: தொண்டை நோவுக்கு அமொக்சிசிலின் குடித்த என் 15 வயது மகளுக்கு ஆறாம் நாள் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. வீட்டுக்கு வந்து இரத்தம் எடுப்பவர், ‘சைட்டோகைன் பார்த்தால் ஒவ்வாமை முதல் வாரத்திலேயே தெரியும், எலிகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள், இந்தியாவுக்கு அனுப்பலாம்’ என்கிறார். அனுப்பலாமா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: அனுப்ப வேண்டாம். எலி ஆய்வுகள் இருப்பது மெய்தான். சைட்டோகைன் என்பது நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல வெளியிடும் புரதம். அமொக்சிசிலின் போன்ற பென்சிலின் இனத்து மருந்து உடலிலுள்ள புரதத்தில் ஒட்டிக்கொண்ட பிறகே நோயெதிர்ப்பு அதை அந்நியமாகக் காண்கிறது. நிணநீர்க் கணுவில் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் அதை முதலில் சந்திக்கும் நேரத்தில் இன்டர்லூக்கின்-4 என்ற சைட்டோகைன் மிகுந்திருந்தால் ஐ.ஜி.ஈ எதிர்பொருள் உருவாகும். உடனடி ஒவ்வாமைக்கு அதுவே வேர். இன்டர்பெரோன்-காமா என்ற இன்னொரு சைட்டோகைன் மிகுந்தால் ஐ.ஜி.ஈ பக்கம் போகாமல் போக்கு மாறிவிடும். எலி இனத்துக்கு இனம்கூட இந்தச் சாய்வு வேறுபடும்.

ஆனால் அங்கே கணுவையே வெட்டியெடுத்துத்தான் அளக்கிறார்கள். மருந்தின் அளவும் கொடுத்த நேரமும் முன்கூட்டியே தெரியும். உங்கள் மகளின் இரத்தத்திலோ தொற்றும் காய்ச்சலுமே பல சைட்டோகைன்களை ஏற்றியிருக்கும். அறிக்கையில் எண் கூடியிருந்தால் காரணம் கிருமியா மருந்தா என்று எவராலும் பிரிக்க முடியாது. இதே தரகர்கள் உணவு ஒவ்வாமைக்கென்று ஐ.ஜி.ஜி என்ற வேறொரு எதிர்பொருளை அளந்த பட்டியலும் விற்கிறார்கள். ஐ.ஜி.ஜி இருந்தால் உடல் அந்த உணவைச் சந்தித்திருக்கிறது என்பது மட்டுமே தெரியும். பயந்துபோன தாய்மாரிடம் இப்படிக் காசு பறிப்பதைக் கேட்க ஆளில்லை.

ஒன்றை மட்டும் விசாரியுங்கள். கழுத்தின் இரு பக்கமும் நெறி கட்டியதா? கடும் களைப்பு இருந்ததா? இந்த வயதில் எப்ஸ்டீன்-பார் வைரஸாலும் தொண்டை நோவு வரும். அந்த வைரஸ் இருக்கையில் அமொக்சிசிலின் கொடுத்தால் பலருக்குத் தடிப்பு எழும்பும். நோய் மாறிய பிறகு அதே மருந்து பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்கு உண்மையான ஒவ்வாமையும் இருக்கும் என்பதால் நீங்களாகக் கொடுத்துப் பார்க்கக் கூடாது. டொக்டரிடம் இந்த வைரஸுக்கான இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். காசு செலவழிப்பதென்றால் அதற்குச் செலவழியுங்கள்.

கொப்புளம், தோல் உரிவு, வாய் அல்லது கண்ணில் புண், முகவீக்கம், மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி, கொடுத்த மருந்தின் பெயர். நமது கிளினிக்குகளில் இன்னமும் குளிசையைக் கடுதாசி உறைக்குள் போட்டு ‘காலை 1, இரவு 1’ என்று எழுதித் தருகிறார்கள். பெயர் இல்லாத மருந்துக்கு எப்படி ஒவ்வாமை பார்ப்பது? எத்தனை வருடமாகச் சொல்லியும் இது மாறவில்லை. கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய திகதி, தடிப்பு வந்த நாள் எல்லாவற்றையும் கிளினிக் கொப்பியில் குறித்து, தடிப்பைப் படமும் எடுத்து வையுங்கள். ஒவ்வாமை உண்டா இல்லையா என்று உறுதியாகும் வரை அம்பிசிலின், கோ-அமொக்சிகிளேவ் உட்படப் பென்சிலின் இனம் எதுவும் வேண்டாம்.

தடிப்பு மாறி 4 முதல் 6 வாரம் கழித்து, டொக்டரின் கடிதத்தோடு பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் நோயெதிர்ப்புப் பிரிவில் விசாரியுங்கள். தோல் பரிசோதனையா, மேற்பார்வையில் சிறிது சிறிதாக மருந்து கொடுத்துப் பார்ப்பதா என்று அவர்கள் முடிவெடுப்பார்கள். தோல் பரிசோதனை என்றால் செட்டிரிசின் போன்ற கடிக்குளிசைகளை (அரிப்பைக் குறைக்கும் மருந்துகளை) ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்; குடித்துவிட்டுப் போனால் ஒவ்வாமை இருந்தும் இல்லையென்று காட்டும்.