பெண்கள் ஏன் சைக்கோ கொலைகாரன் கதைகளை இவ்வளவு விரும்பிப் படிக்கிறார்கள்?

உங்கள் வீட்டில் யாரோ ராத்திரி விளக்கை அணைக்காமல் இதைத்தான் படிக்கிறார்கள் போல. மனைவியா, தங்கையா? பயப்படாதீர்கள், காபியில் ஒன்றும் கலக்க மாட்டார்கள்.

நான் பள்ளிக்கூட நாளிலிருந்து படிக்கிறவள். 'ரத்தத்தை ரசிக்கிற ஜென்மம்' என்று கமெண்ட் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், கோழி வெட்டுகிற இடத்தில்கூட என்னால் நிற்க முடியாது.

2010-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. நிஜக் கொலைகளைப் பற்றிய புத்தகங்களில் பெண்களுக்குத்தான் நாட்டம் அதிகம். அதிலும் ஒருத்தி எப்படித் தப்பினாள் என்று சொல்லும் புத்தகம் என்றால் விடமாட்டார்களாம். இதைக் கண்டுபிடிக்க ஆய்வு வேறு!

ஜாக் த ரிப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 1888-ல் லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் பெண்களை வரிசையாகக் கொன்றவன். அவன் யார் என்று இன்றுவரை ஊரே மண்டையை உடைத்துக்கொள்கிறது. எனக்கு அவனிடம் பலியான மேரி ஆன் நிக்கல்ஸ்தான் மனதில் நிற்கிறாள். படுக்கைக்குத் தர 4 பென்ஸ் இல்லை என்று விடுதியிலிருந்து நள்ளிரவுக்கு மேல் அவளை வெளியே அனுப்பினார்கள். புதுத் தொப்பியைக் காட்டி, காசோடு வந்துவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே போனவள். ஆகஸ்ட் 31 விடியுமுன் பக்ஸ் ரோ என்ற தெருவில் பிணமாகக் கிடந்தாள்.

சென்னையில் நான் இருந்த லேடீஸ் ஹாஸ்டலில் 9 மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஒருநாள் மின்சார ரயில் தாமதம். வார்டன் அம்மா ஜன்னல் வழியாகவே, "ரூல்ஸ்னா ரூல்ஸ்தாம்மா, காலைல வா" என்றார். தெருமுனையில் இரண்டு பேர் பைக்கில் சாய்ந்து நின்றார்கள். ஒருவேளை நல்லவர்களாகவே இருக்கலாம். எல்லா ஆண்களையும் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். திறந்திருந்த மெடிக்கல் ஷாப்பில் போய் ஒவ்வொரு மாத்திரையாக விலை கேட்டுக்கொண்டே நின்றேன், தோழியின் அப்பா ஸ்கூட்டரில் வரும்வரை. ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள கடைக்குள் புகுந்துவிடு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது பாக்கெட் நாவல்கள்தான்.

  

சரி, கேள்விக்கு வருகிறேன். எல்லாக் கதையும் எனக்குப் பிடிப்பதில்லை. இப்போதெல்லாம் கொலைகாரனுக்கு அழுகாச்சி ஃபிளாஷ்பேக் நாற்பது பக்கம், செத்தவளுக்கு அரைப் பக்கம். அவள் என்ன வேலை பார்த்தாள், யாருக்கு போன் செய்ய நினைத்தாள் என்று ஒரு வரி இருக்காது. அந்தப் புத்தகங்களைப் பாதியிலேயே மூடிவிடுவேன்.