மஞ்சள் சாய்சதுரமும் மண்முனைப் பாதையும்

கேள்வி: பல ஆண்டுகளாக ஜேர்மனியில் வாகனம் ஓட்டுகிறேன். ஓகஸ்ட் விடுமுறையில் மட்டக்களப்பு நகரிலிருந்து கொக்கட்டிச்சோலையிலுள்ள உறவினர் வீட்டுக்கு வாடகைக் காரில் செல்ல எண்ணியிருக்கிறேன். வீதிக் குறியீடுகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இடப்பக்கம் ஓட்டுவதற்குக் கை விரைவில் பழகிவிடும், சிக்கல் கண்ணில்தான். ஜேர்மனியில் வெள்ளை ஓரமிட்ட மஞ்சள் சாய்சதுரப் பலகையைக் கண்டால் முன்னுரிமை உங்களுக்கே என்று பொருளாதலால், பக்க வீதிகளைப் பற்றிக் கவலையின்றிச் சென்று பழகியிருப்பீர்கள். இலங்கையிலோ கறுப்பு ஓரமும் உள்ளே ஒரு படமும் கொண்ட மஞ்சள் சாய்சதுரம் எச்சரிக்கைப் பலகையாகும்: வளைவு, பாடசாலை, சில வீதிகளில் யானை. எச்சரிக்கைப் பலகை முக்கோணமாகவும் இருக்கலாம், சாய்சதுரமாகவும் இருக்கலாம் என வீதிக் குறியீடுகள் பற்றிய 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையே இடமளித்திருப்பதால், இதில் எந்த நாட்டையும் குறைகூற இயலாது.

ஜேர்மனியில் ஊர்ப்பெயர் எழுதிய மஞ்சள் பலகையைக் கடந்ததும் 50 கிலோமீற்றர் வேகவரம்பு தானாகவே தொடங்கும். உங்கள் வழியில், காத்தான்குடியும் ஆரையம்பதியும் ஒட்டிக் கிடக்கும் ஏ4 வீதியில் அப்படிப் பலகை பார்த்து ஓட்ட முடியாது. வீடும் கடையும் தொடரும்வரை 50ஐத் தாண்டாதீர்கள்.

ஆரையம்பதிப் பக்கத்தில், மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலத்துக்காக வலப்புறம் திரும்பக் காத்திருக்கையில், எதிரே வரும் பஸ் முன்விளக்கை அடித்துக் காட்டக்கூடும். ஜேர்மனியில் பெரும்பாலும் அது "நீங்கள் போங்கள்". இங்கே "நான் வருகிறேன், நில்லுங்கள்". பஸ் கடந்த பின்பே திரும்புங்கள். நடுவீதியில் இலையோடு ஒரு மரக்கிளை நின்றால் அதுவும் குறியீடுதான். அங்கே குழி இருக்கும், அல்லது சற்று அப்பால் பழுதான லொறி நிற்கும்.

வழி கேட்டால் வீதிப்பெயரை எதிர்பார்க்க வேண்டாம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்பதே இங்குள்ளோரின் திசைகாட்டி. முதியவர் ஒருவர் "பாலத்தால இறங்கினா இன்னும் ரெண்டு கட்டைதான்" என்றால், கட்டை என்பது மைல். மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல் என்று கொள்க. "முந்தி பாதையாலதான் போற" என்பாராயின் வழி மாறிவிட்டதென்று பதற வேண்டியதில்லை. 2014இல் பாலம் திறக்கப்படும்வரை ஆட்களையும் வாகனங்களையும் வாவியைக் கடத்திய மிதவைக்கு எங்கள் பேச்சில் பாதை என்றே பெயர்.

உறவினரிடம் வீட்டிலக்கத்தைக் காட்டிலும், தான்தோன்றீஸ்வரர் ஆலயத்திலிருந்து எத்தனையாவது ஒழுங்கை, வாசலில் என்ன மரம் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.