'அவன் பக்கம் எதற்கு உட்காருகிறாய்?'

அன்புள்ள ஐயா,

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் என்னை யூனியன் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு யாரும் முன்வரவில்லை, அவ்வளவுதான். வந்த முதல் கேஸே சிக்கல். குலை வெட்டுகிற ஒருவர் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வேலைக்கு வரவில்லை. முன்பும் இப்படிச் செய்தவர். ஆபீஸில் விளக்கக் கடிதம் கேட்டுவிட்டார்கள், அடுத்த வாரம் விசாரணை. என்னைக் கூட வரச் சொல்கிறார். அந்த மூன்று நாளும் அவர் வேலையையும் சேர்த்து இழுத்தவர்கள், 'அவன் பக்கம் எதற்கு உட்காருகிறாய்?' என்று கேட்கிறார்கள். அப்பாவோ, 'யூனியன் கினியன் என்று போய் இருக்கிற வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே' என்கிறார். எனக்கும் தப்பு அவர் மேல்தான் என்று படுகிறது. நான் என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் பெயரோடு தோட்டத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன். இதை ஆபீஸிலும் படிப்பார்கள்.

போய் உட்காருங்கள். தப்பா சரியா என்று தீர்ப்புச் சொல்ல மேசைக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது. அந்த வேலையை உங்களிடம் யாரும் தரவில்லை. நல்ல பெயர் எடுத்தவனுக்கு மட்டும் துணை போவதென்றால் பிரதிநிதியே தேவையில்லை, அவனை ஆபீஸே பார்த்துக்கொள்ளும்.

ரப்பர் காலத்தில் நானும் இந்த வேலை பார்த்தவன். ஒரு விசாரணையில் பால்வெட்டும் ஒருவரோடு உள்ளே போனேன். துரை (தோட்ட மேலாளர்) வாயைத் திறக்குமுன்பே கிராணியின் (தோட்ட எழுத்தரின்) ஃபைலுக்கு அடியில் ஒரு தாள் துருத்திக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால், 'சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுகிறேன்' என்று தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். தேதி முந்தின நாள் தேதி. பால்வெட்டுக்காரருக்கு அந்தத் தாளில் இருந்த மொழி படிக்கத் தெரியாது. தனியாகப் போயிருந்தால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருப்பார். அதனால் முதலில் இதைச் சொல்லிவையுங்கள்: அந்த அறையில் எதற்கும் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். நீக்கினால் எதிர்த்துப் போராட வழி உண்டு. தானாக விலகியதாக எழுதிக் கொடுத்துவிட்டால், மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

அடுத்தது, விசாரணைக்கு முன் அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். ஒட்டுக்கடையில் வேண்டாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 15ஆவது பிரிவை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். லீவு எடுக்காமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகவே அது எடுத்துக்கொள்ளும். ஆனால் நியாயமான காரணம் இருந்து, அதை முதலாளிக்குத் தெரிவித்திருந்தாலோ தெரிவிக்க முயன்றிருந்தாலோ கதை வேறு. 'முயன்றிருந்தாலோ' என்பதில்தான் உங்கள் வேலை இருக்கிறது. அவர் கைப்பேசியை வாங்கி அந்த மூன்று நாளையும் தள்ளித் தள்ளிப் பாருங்கள். விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) முன் மண்டோருக்கு (மேற்பார்வையாளருக்கு) போன ஒரு மிஸ்டு கால், 'அண்ணே, முடியல' என்று ஒரு வாட்ஸ்அப், கிளினிக் சீட்டு, எது கிடைத்தாலும் எடுத்துவையுங்கள்.

ஒன்றுமே இல்லை, குடித்துவிட்டுப் படுத்திருந்தார் என்றால் அதையும் உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். பொய்க் காரணம் மட்டும் வேண்டாம். ஒரே ஆளுக்கு இரண்டு தடவை பாட்டி செத்த கேஸையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன், கிராணி பழைய ஃபைலை எடுத்து வைத்தார், முடிந்தது. தப்பை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைக்கக் கேட்பதும் உதவிதான். விசாரணை முடிந்தால் நீக்கியே ஆக வேண்டும் என்றில்லை. 14ஆவது பிரிவில் பதவி இறக்கமும் அதைவிடச் சிறிய தண்டனைகளும் இருக்கின்றன. சம்பளமில்லாமல் வேலை நிறுத்தி வைப்பதென்றால் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணைக்காக நிறுத்தி வைப்பது ஒரு வாரம்தான், அதற்கும் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் தரவேண்டும்.

கூட வேலை செய்பவர்களின் கோபத்தைத் தட்டிக்கழிக்காதீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆள் குறைந்த நாளில் மாற்று ஆள் போடாதது நிர்வாகம். அதைத் தனியாக எழுதிக் கொடுங்கள், இந்த விசாரணையோடு கலக்காதீர்கள்.

உங்கள் அப்பாவின் பயம் உங்கள் ஊரிலேயே முளைத்தது. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்ட பிறகுதான் பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலம் வந்தது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை 1949 மே மாதம் பூடு சிறையில் தூக்கில் போட்டார்கள். அதைக் கேட்டு வளர்ந்த வீடுகளில் யூனியன் என்றால் கதவைச் சாத்துவார்கள். இப்போது 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, சங்க வேலைக்காக ஒருவரை நீக்கவோ ஓரங்கட்டவோ கூடாது என்கிறது. அதற்காக ஒன்றும் நடக்காது என்று உங்களுக்கு நான் சத்தியம் செய்யமாட்டேன். எனக்கு மேட்டு நிரை, அதாவது மேட்டில் இருக்கும் மர வரிசை, போட்டார்கள். ஏறி இறங்கி வெட்டினேன்.

அவரை நீக்கிவிட்டால் நாள் எண்ணத் தொடங்குங்கள். நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் அந்தத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவில் மனுப் போட வேண்டும். தொழிலாளர் இலாகாவுக்குப் போய் நிற்காதீர்கள், அது சம்பளப் பாக்கிக்கு. இது தொழிலியல் உறவு இலாகா, பேராக் மாநிலத்துக்கு ஈப்போவில் இருக்கிறது. அங்கே பேசித் தீராவிட்டால், 2021 முதல் அமைச்சரின் முடிவுக்குக் காத்திருக்காமல் நேரே தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார்கள்.

அப்புறம், விசாரணைக்குள் நீங்கள் வரலாமா, வந்தால் பேசலாமா என்பது யூனியனும் நிர்வாகமும் போட்ட கூட்டு ஒப்பந்தத்தைப் பொறுத்தது. யூனியன் கிளையில் அதன் பிரதி கேளுங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து இன்றே எனக்கு அனுப்புங்கள். அடுத்த வாரத்துக்கு முன் பார்த்துவிடலாம்.