பொம்மையை வைத்துப் பரீட்சை வைத்தால் வைத்தியம் வருமா?

கேள்வி: ஐயா, என் மகன் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிக்கிறானுங்க. பரீட்சையில் ஒரு ரூமில் பொம்மை, அடுத்த ரூமில் நோயாளியாட்டம் நடிக்கிற ஒருத்தர், மணி அடித்தால் அடுத்த ரூமுக்குப் போக வேண்டும் என்கிறான். மஞ்சக்காட்டை அடமானம் வைத்துப் படிக்க வைக்கிறோம். நிசமான நோயாளியைத் தொடாமல் மார்க் போட்டால் வைத்தியம் எப்படிங்க வரும்?
- ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மா, இந்தப் பரீட்சை முறையை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். பழைய முறையில் ஆளுக்கொரு நோயாளியைக் கொடுப்பார்கள். ஒருத்தனுக்குக் கல்லீரல் வீக்கம் வாய்க்கும், கை வைத்தாலே தெரிந்துவிடும். பக்கத்துப் படுக்கைக்குப் போனவனுக்கு இதய வால்வில் கோளாறு, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டாலும் லேசில் பிடிபடாது. அதுவும் போக, காலையிலிருந்து பல பேர் அமுக்கிப் பார்த்த வயிற்றோடு அந்த நோயாளி சலித்துப்போய்க் கிடப்பார், எக்ஸாமினரின் அன்றைய மனநிலையும் மார்க்கில் ஏறும். இதைச் சரிசெய்யத்தான் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் அவருடன் வேலை பார்த்தவர்களும் 1975இல் புது முறையைக் கொண்டுவந்தார்கள். வரிசையாக ஸ்டேஷன்கள், அதாவது தனித்தனிப் பரீட்சை இடங்கள், ஒவ்வொன்றிலும் சில நிமிடம், எல்லோருக்கும் அதே கேஸ், என்னென்ன செய்தான் என்று டிக் போட ஒரு பட்டியல். மாணவர்கள் இதை ஓஸ்கி என்பார்கள். உங்கள் மகன் சொல்கிற மணி அதில் அடிப்பதுதான்.

சரி, பொம்மை எதற்கு? இதயம் நின்றவரின் நெஞ்சை அமுக்குவதை நன்றாக இருக்கிற ஆள் மேல் பழக முடியாது, விலா எலும்பே முறியலாம். நெஞ்சு 5 முதல் 6 சென்டிமீட்டர் இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விட வேண்டும். இதைத் தாளில் அழகாக எழுதுகிறவனுக்குக் கை சோர்ந்து ஆழம் குறைவதைப் பொம்மைக்குள் இருக்கிற சென்சார் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று சொல்கிறேன், நம்ம பக்கத்துக்கு ரொம்பத் தேவையான கேஸ். காட்டில் பூச்சி மருந்து அடித்தவர் வாயில் எச்சில் வழிய, கண்மணி ஊசிமுனையாட்டம் சுருங்கி, மூச்சுத் திணறலோடு வருகிறார். விஷத்தை முறிக்க என்ன மருந்து கொடுப்பாய் என்று கேட்டால் எல்லா மாணவனும் அட்ரோபின் என்று சொல்லிவிடுவான். ஆனால் கையுறை போட்டானா, மருந்தில் நனைந்த சட்டையைக் கழற்றித் தோலைக் கழுவச் சொன்னானா, மூச்சுவழியைப் பார்த்தானா என்பது வாய்மொழித் தேர்வில் தெரியவே தெரியாது. சட்டையைக் கழற்றாமல் விட்டால் விஷம் தோல் வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த மறதி பொம்மை முன்னால் வெளிப்பட்டால் ஒரு மார்க்தான் போகும், வார்டில் என்றால் ஒரு உயிர்.

ஆனாலும் உங்கள் பயத்தில் பாதி சரிதான். ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவக் கல்வி நிபுணர் 1990இல் திறமையை நான்கு படியாகப் பிரித்தார்: விஷயம் தெரிவது, எப்படிச் செய்வது என்று தெரிவது, செய்து காட்டுவது, அன்றாட வேலையில் செய்வது. ஓஸ்கி மூன்றாம் படி வரைக்கும்தான் அளக்கும். மார்க்குக்காக அங்கே கை கழுவுகிறவன் ராத்திரி இரண்டு மணிக்கு, நாலு பேர் வரிசையில் நிற்கும்போதும் கழுவுவானா என்பதை வார்டில் கூட நின்று பார்க்கிறவர்தான் சொல்ல முடியும். 2019இல் சேர்ந்தவர்களிலிருந்து வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் ஸ்கில் லேபை, அதாவது பொம்மை வைத்துக் கைப்பழக்கம் செய்கிற கூடத்தை, கட்டாயமாக்கியிருக்கிறது, அது வார்டுக்குப் பதிலாக வைத்தது அல்ல. ஆகவே மகனிடம் இதைக் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நேரம் நோயாளி பக்கத்தில் நிற்கிறாய், நீ பரிசோதிப்பதை யாராவது பார்த்துத் திருத்துகிறார்களா? திருத்துவதில்லை என்றால் அந்தக் கல்லூரியில் போய்ச் சண்டை போட உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

கேள்வி: மருத்துவக் கல்லூரியில் நோயாளியாக நடிக்க ஆள் கேட்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், நாடகம் போட்ட பழக்கம் உண்டு. போகலாமா? ஊசி கீசி போட்டுவிடுவார்களா?
- ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: தாராளமாகப் போங்க. ஊசியெல்லாம் ரப்பர்க் கையில்தான், உங்கள் மேல் படாது. அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் டாக்டர் 1963இலேயே இப்படி ஆளைப் பழக்கித் தேர்வு வைத்தார். முதல் மாணவனிடம் சொன்னதையே கடைசி மாணவனிடமும் மாறாமல் சொல்வதுதான் இதில் கஷ்டம். "நெஞ்சு கரிக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும், வலி இடது கைக்குப் பரவுதா என்று அவன் கேட்டால்தான் ஆமாம் என்க வேண்டும். பாவம் பார்த்து நீங்களே எடுத்துக்கொடுத்தால் மற்ற மாணவர்களுக்கு அநியாயம். அப்புறம், உங்களுக்கு நிசமாகவே ஆபரேஷன் தழும்போ இதயக் கோளாறோ சர்க்கரையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பரிசோதிக்கிறவன் அதைக் கண்டுபிடித்துக் குழம்பிவிடக் கூடாது. முகத்தைப் பார்த்துப் பேசினானா, வயிற்றில் கை வைக்கும் முன் சொன்னானா என்று பல இடங்களில் உங்களிடமும் கேட்பார்கள். அதற்கு மட்டும் கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.