ரெண்டு கொடுத்து ஒண்ணு வாங்கினால் நஷ்டமா?

கேள்வி: 2025 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு (சிஎஸ்கே) கடைசி இடம். அதுவும் போதாதென்று ஜடேஜா, சாம் கரன் இருவரையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சன் ஒருவரை வாங்கியிருக்கிறார்கள். சிஎஸ்கேவுக்குக் கணக்கே தெரியாதா சார்?
- தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: தலையை எண்ணாதீர்கள், பர்ஸை (வீரர்களுக்காக அணி செலவிடக்கூடிய மொத்தத் தொகையை) எண்ணுங்கள். ஜடேஜா 18 கோடி, இங்கிலாந்து வீரர் கரன் 2.4 கோடி, வந்த சாம்சன் 18 கோடி. ஆக 2.4 கோடியும் ஒரு வெளிநாட்டு வீரர் இடமும் மிச்சம். ராஜஸ்தானில் ஜடேஜாவின் தொகை 14 கோடியாகக் குறைந்ததே என்கிறீர்களா? அந்த 4 கோடி லாபம் அவர்களுக்குத்தான், நமக்கில்லை.

கோபப்பட வேண்டியது 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த வீரர்கள் ஏலத்தின் மீது. 120 கோடி பர்ஸில் 65 கோடி, ஏலத்துக்கு முன்பே தக்கவைத்த ஐவருக்கே போனது. மீதி 55-ல் நூர் அகமது 10, அஸ்வின் 9.75. நூர் 24 விக்கெட் எடுத்துக் காசை நியாயப்படுத்தினார். ஆனால் இரண்டு சுழற்பந்து வீச்சாளர்களுக்கே கிட்டத்தட்ட இருபது கோடி போனால் பேட்டிங்குக்கு என்ன மிஞ்சும்? திரிபாதி 3.4, ஹூடா 1.7, விஜய் சங்கர் 1.2. காசிமேட்டில் மீன் ஏலம் பார்த்தவருக்குச் சொல்லவே வேண்டாம்: வஞ்சிரத்துக்கு முதலிலேயே பையைக் காலி செய்தால் அப்புறம் காரப்பொடி மீன்தான். கேப்டன் ருதுராஜும் முழங்கைக் காயத்தால் விலக, 14 ஆட்டத்தில் 4 வெற்றி. மாற்று வீரர்களாக வந்த ஆயுஷ் மாத்ரே, பிரெவிஸ்தான் பிறகு அடித்தார்கள்.

கேள்வி: ஜடேஜாவைக் கேட்காமலே அனுப்பிவிட்டார்களா?
- கொருக்குப்பேட்டை வாசகி

பதில்: முடியாது. வீரர் சம்மதிக்காமல் பரிமாற்றம் செல்லாது.