கட்டமா, கிறுக்கலா, கேள்விக்குறியா?

கணினி கேள்வி – பதில்: சீன எழுத்து

மர வேலைப்பாட்டுக்குச் சீனாவிலிருந்து ஒரு சிஎன்சி ராவுட்டர் (கணினி இயக்கும் செதுக்கு இயந்திரம்) இறக்கினோம். கூட வந்த மென்பொருளைத் திறந்தால் மெனு முழுக்கக் கிறுக்கல். ஜிப் கோப்பைப் பிரித்தால் உள்ளே கோப்புகளின் பெயரும் அப்படித்தான். சீன எழுத்துரு நான்கைந்தைப் போட்டும் மாறவில்லை. என்ன செய்வது?
– மரப்பட்டறை உரிமையாளர், காரைக்குடி

எழுத்துருவைப் போட்டு இது தீராது. திரையில் என்ன தெரிகிறது என்பதை முதலில் உற்றுப் பாருங்கள். வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது, வரைந்து காட்டத்தான் ஆள் இல்லை. கிறுக்கல் தெரிந்தால் எழுத்துரு இருக்கிறது, ஆனால் குறியீட்டை, அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற பட்டியலை, கணினி தவறாகப் படிக்கிறது. வரிசையாகக் கேள்விக்குறி மட்டும் தெரிந்தால், பெரும்பாலும் எழுத்தே போய்விட்டது. மூலக் கோப்பைத்தான் திரும்பக் கேட்கவேண்டும்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதத்தை ஏரியல் என்ற ஆங்கில எழுத்துருவில் திறந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். உங்கள் மெனுவில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். சீனாவில் பழைய மென்பொருள்கள் ஜிபிகே என்ற குறியீட்டில் எழுதப்பட்டவை. அதில் ஒரு சீன எழுத்துக்கு இரண்டு பைட். நம் ஊர் விண்டோஸ் அந்த இரண்டையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாகப் படிக்கிறது. அதனால்தான் தலையில் இரண்டு புள்ளி வைத்த ஓ, தொப்பி போட்ட ஐ என்று பெரிய எழுத்துகளாக வருகின்றன.

கன்ட்ரோல் பேனலில் ரீஜன், அதில் அட்மினிஸ்ட்ரேடிவ் தாவல், சேஞ்ச் சிஸ்டம் லோக்கேல். அங்கே சைனீஸ் சிம்ப்ளிஃபைடு, சைனா என்பதைத் தேர்ந்தெடுத்துக் கணினியை மறுபடி இயக்குங்கள். விண்டோஸின் மெனு சீனத்துக்கு மாறிவிடாது, பயம் வேண்டாம். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு தெரியாத மென்பொருள்களை மட்டும்தான் இது பாதிக்கும். அதே பெட்டியில் பீட்டா என்று தொடங்கும் யுடிஎஃப் 8 (யூனிகோடின் ஒரு வடிவம்) கட்டம் ஒன்று இருக்கும். அதில் டிக் போடாதீர்கள், போட்டால் இந்தப் பழைய மென்பொருள் மறுபடி கிறுக்கும்.

ஒரு எச்சரிக்கை. அதே கணினியில் டாம், டாப் என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் வேலையும் நடந்தால் அது கெட்டுப்போகும். தமிழுக்கென்று வைத்த பைட்டுகளை விண்டோஸ் இரண்டிரண்டாகச் சேர்த்துச் சீனமாக்கிவிடும். இயந்திரத்துக்குத் தனிக் கணினி வைப்பதே நிம்மதி. முடியாவிட்டால் லோக்கேல் எமுலேட்டர் என்ற இலவச மென்பொருள் ஒரு நிரலுக்கு மட்டும் லோக்கேலை மாற்றித் தரும்.

ஜிப் கோப்புக்கு வேறு காரணம். ஜிப்புக்குள் பெயர்கள் என்ன குறியீட்டில் உள்ளன என்ற குறிப்பு பல சமயம் இருப்பதில்லை. பேன்டிசிப் என்ற மென்பொருளில் திறந்து, கோட்பேஜ் மெனுவில் சைனீஸ் சிம்ப்ளிஃபைடைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு பிரியுங்கள். பிரித்ததும் கோப்புறையின் பெயரை ஆங்கிலத்தில் சுருக்கமாக மாற்றி, சி டிரைவில் நேராக வையுங்கள். பாதையில் சீனப் பெயர் இருந்தால் கோப்பு கிடைக்கவில்லை என்று அடம்பிடிக்கும் கட்டுப்பாட்டு மென்பொருள்கள் உண்டு.

சப்ளையர் அனுப்பும் சிஎஸ்வி பட்டியலை எக்செல்லில் திறந்தால் சீனப் பெயர்கள் கிறுக்கலாக இருக்கின்றன. திருத்திச் சேமித்தால் அடுத்த முறை வெறும் கேள்விக்குறிகள்.
– இறக்குமதி வணிகர், தேவகோட்டை

கிறுக்கலாக இருந்தவரை பிழைக்க வழி இருந்தது. சேமித்ததில்தான் எல்லாம் போனது. சாதாரண சிஎஸ்வி வகையில் சேமித்தால், நம் கணினியின் பழைய குறியீட்டுப் பட்டியலில் இடமில்லாத ஒவ்வொரு எழுத்துக்கும் எக்செல் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடுகிறது. வந்த மின்னஞ்சலிலிருந்து கோப்பை மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள்.

இரட்டைச் சொடுக்கில் திறக்கவேண்டாம். வெற்று எக்செல் தாளைத் திறந்து டேட்டா, ஃப்ரம் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வி என்று போங்கள். ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 என்றால் யுடிஎஃப் 8, 936 என்றால் சீனத்தின் பழைய குறியீடு. மாற்றியதும் கீழே முன்னோட்டத்தில் உடனே தெரியும்.

எதைப் போடுவது என்று கிறுக்கலைப் பார்த்தே சொல்லிவிடலாம். சீன எழுத்துகளில் பெரும்பாலானவை யுடிஎஃப் 8-இல் மூன்று பைட். முதல் பைட் ஆறு வகைக்குள்தான் வரும். ஆகவே கிறுக்கலில் மூன்றுக்கு ஒரு முறை புள்ளி வைத்த சின்ன ஏ, ஒட்டிப் பிறந்த ஏஇ, வால் முளைத்த சி போன்றவை திரும்பத் திரும்ப வந்தால் 65001. பெரிய எழுத்துகளே நெருக்கியடித்தால் 936.

சேமிக்கும்போது சிஎஸ்வி யுடிஎஃப் 8 என்று தனியாக இருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். நோட்பேடில் சேமித்த கோப்பு எக்செல்லில் கிறுக்கினால், சேவ் ஆஸ் பெட்டியின் என்கோடிங்கை யுடிஎஃப் 8 வித் பிஓஎம் என்று மாற்றிச் சேமித்தால் போதும்.

பட்டியலில் ‘குன் ஜின் காவ்’ என்று ஒலிக்கும் மூன்று எழுத்துகள் வரிசையாகத் திரும்பத் திரும்ப வருகிறதா என்றும் பாருங்கள். அது யாருடைய பெயரும் அல்ல. தொலைந்த எழுத்துக்குப் பதிலாக யூனிகோடு வைக்கும் குறியை ஜிபிகே-யாகப் படித்தால் வருவது. சீன நிரலாளர்களிடையே பழைய நகைச்சுவை. அது வந்தால் பிழை உங்களிடம் இல்லை, அனுப்பியவரிடமே கெட்டு வந்திருக்கிறது.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகுமுன் மாண்டரின் படிக்கிறேன். மடிக்கணினியில் சீனம் சேர்த்தேன், ஆனால் ஆங்கில விசையை அழுத்தினால் சம்பந்தமில்லாத குறிகள் வருகின்றன.
– கல்லூரி மாணவி, பள்ளத்தூர்

நீங்கள் சேர்த்தது சைனீஸ் ட்ரெடிஷனல், தைவான் என்று தெரிகிறது. அதோடு வருவது போபோமோபோ விசைப்பலகை. அதன் ஒலிக்குறிகள் வேறு. செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் போய் அதை நீக்கிவிட்டு, சைனீஸ் சிம்ப்ளிஃபைடு, சைனா என்பதைச் சேருங்கள். மைக்ரோசாஃப்ட் பின்யின் வரும், சீன ஒலியை ஆங்கில எழுத்தில் அடிக்கும் முறை அது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளியில் சொல்லித்தருவது சிம்ப்ளிஃபைடு என்ற எளிய எழுத்துதான்.

விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அடித்தால் மொழி மாறும். சீனத்துக்குள் இருந்துகொண்டே ஆங்கிலம் அடிக்க ஷிப்ட்டை ஒரு தட்டு, திரும்பி வர இன்னொரு தட்டு. தெரியாமல் ஷிப்ட்டில் கை பட்டுவிட்டுச் சீனம் வரவில்லை என்று தவிப்பவர்கள்தான் அதிகம்.

தமிழில் ஒலியை அடித்தால் எழுத்து வந்துவிடும். சீனத்தில் ஒலியை அடித்தால் பட்டியல் வரும், நாம் பொறுக்கவேண்டும். எஸ், ஹெச், ஐ என்று மட்டும் அடித்தால் ‘ஷி’ ஒலியுள்ள எழுத்துகள் பல பக்கங்களுக்கு நீளும். அதனால் எழுத்தெழுத்தாக அடிக்காதீர்கள், சொல்லாக அடியுங்கள். சிங்கப்பூருக்கு ‘ஷின்ஜியாபோ’: எக்ஸ், ஐ, என், ஜே, ஐ, ஏ, பி, ஓ. முழுவதையும் ஒரே மூச்சில் அடித்து ஸ்பேஸ் தட்டினால் முதல் தேர்வாகவே வந்து உட்காரும். வேறு வேண்டுமென்றால் பக்கத்திலுள்ள எண்ணை அழுத்துங்கள்.

இரண்டு இடத்தில் எல்லாரும் இடறுவார்கள். பெண், பச்சை ஆகிய சொற்களில் யு-வின் மேல் இரண்டு புள்ளி வரும். அந்த விசை கிடையாது, வி-யை அழுத்தவேண்டும். பச்சைக்கு எல், வி. இன்னொன்று, அசை பிரியும் இடம். எக்ஸ், ஐ, ஏ, என் என்று சேர்த்து அடித்தால் ‘ஷியன்’ என்று ஓரசையாக எடுத்துக்கொள்ளும். ‘ஷி ஆன்’ என்ற நகரம் வேண்டுமென்றால் ஐ-க்கும் ஏ-க்கும் நடுவே ஒற்றை மேற்கோள்குறி.

நம் காதுக்கு ‘ச’-வும் ‘ஷ’-வும் அடிக்கடி இடம் மாறும். பின்யின் செட்டிங்ஸில் ஃபஸ்ஸி பின்யின் என்பதை இயக்கினால் எஸ், எஸ்ஹெச் இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கும். படிப்பவர் அதை இயக்காமல் இருப்பதே நல்லது என்பேன். தப்பு தெரிந்தால்தானே திருந்தும். ஒலியே தெரியாத எழுத்து என்றால் கைப்பேசியில் ஜிபோர்டில் சீனத்தைச் சேர்த்துக் கையெழுத்து வகையைத் தேர்ந்தெடுத்து விரலால் வரையுங்கள்.

சீன விசைப்பலகை போட்ட பிறகு மின்னஞ்சல் முகவரியை எந்தத் தளமும் ஏற்கவில்லை. எழுத்துகள் இடைவெளி விட்டு அகலமாகத் தெரிகின்றன.
– வாசகர், புதுவயல்

ஷிப்ட்டும் ஸ்பேஸும் சேர்ந்து அழுந்தி முழு அகல வகைக்குப் போயிருக்கிறது. அதே இரண்டையும் மறுபடி அழுத்துங்கள். அந்த அகலமான ஏ-யும் 1-உம் யூனிகோடில் வேறு எழுத்துகள், கணினிக்கு அவை உங்கள் முகவரி அல்ல. முற்றுப்புள்ளி சின்ன வட்டமாக வந்தால் கன்ட்ரோலோடு புள்ளி.

எங்கள் பாரம்பரிய வீட்டு விடுதிக்குத் தைவான் விருந்தினர் வருகிறார்கள். எளிய எழுத்தில் இருந்த உணவுப் பட்டியலை மென்பொருளில் போட்டு ட்ரெடிஷனல் என்ற பழைய எழுத்துக்கு மாற்றினோம். பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள்.
– விடுதி மேலாளர், கானாடுகாத்தான்

நூடுல்ஸ் இருக்கிறதா பட்டியலில்? எளிய எழுத்தில் ‘மியன்’ என்ற ஒரே எழுத்து முகத்துக்கும் நூடுல்ஸுக்கும். பழைய எழுத்தில் இரண்டும் வேறு. எழுத்துக்கு எழுத்து மாற்றும் மென்பொருள் விருந்தினருக்கு முகத்தை வறுத்துப் பரிமாறியிருக்கும். ‘ஃபா’ என்ற எழுத்தும் இப்படித்தான்: வெளிப்படுத்துவதற்கும் தலைமுடிக்கும் எளிய வடிவம் ஒன்றே. சொல்லாகப் பார்த்து மாற்றும் ஓப்பன்சிசி போன்ற கருவி இதில் மேல். அதற்குப் பிறகும் தைவான்காரர் ஒருவர் படித்துப் பார்க்கவேண்டும். வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி போன்றவற்றை மொழிபெயர்க்க முயலாமல் பெயரை ஒலியாகவே வைத்து, கீழே என்ன பொருள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

எழுத்து வடிவம் மட்டும் சற்று அந்நியமாக இருக்கிறது என்றார்களா? ஒரே யூனிகோடு எண்ணைச் சீனமும் ஜப்பானும் வெவ்வேறாக வரைவதுண்டு. எலும்பு என்பதற்கான எழுத்தின் மேல்பாதிக்குள் ஒரு சின்ன மூலை இருக்கும். சீனாவில் அது இடப்பக்கம், தைவானிலும் ஜப்பானிலும் வலப்பக்கம். நோட்டோ சான்ஸ் எழுத்துருவில் எஸ்சி (எளிய சீனம்), டிசி (பழைய சீனம்), ஜேபி (ஜப்பான்) என்று தனித்தனியாக இருப்பது இதற்காகத்தான். தைவானுக்கு டிசி.

கல்யாணப் பத்திரிகையில் ஒரு பக்கம் சீனத்தில் வேண்டும் என்கிறார்கள், மணமகனின் சிங்கப்பூர் அலுவலக நண்பர்களுக்காக. பேஜ்மேக்கரில் ஒட்டினால் கேள்விக்குறிதான் வருகிறது.
– டிடிபி மையம், காரைக்குடி

பேஜ்மேக்கர் 7-க்கு யூனிகோடு தெரியாது. அதில் என்ன செய்தாலும் வராது, நேரத்தை வீணாக்காதீர்கள். அந்தப் பக்கத்தை மட்டும் இன்டிசைனிலோ இலவசமான ஸ்கிரைபஸிலோ செய்து பிடிஎஃப் ஆக்கி அச்சகத்துக்குக் கொடுங்கள். கட்டம் வந்தால் எழுத்துருவை நீங்களே மாற்றிக்கொடுங்கள்.

எழுத்துருவுக்கு சோர்ஸ் ஹான் சான்ஸ் அல்லது நோட்டோ. அடோபியும் கூகுளும் சேர்ந்து 2014-இல் வெளியிட்டவை, வணிக வேலைக்கும் இலவசம். விண்டோஸில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் யாஹெய் பார்க்க அழகு, ஆனால் அச்சு வேலைக்கு உரிமம் தனி விஷயம், தொடவேண்டாம். சிம்சுனுக்கு போல்டு கிடையாது. பி-யை அழுத்தினால் மென்பொருளே கோட்டைத் தடிப்பாக்கும், உள்ளே இருபது கோடு உள்ள எழுத்து மைப் பொட்டாகிவிடும். சாய்வெழுத்தும் வேண்டாம். தங்க ஃபாயில் ஒட்டுவதானால் 14 பாயின்ட்டுக்குக் குறைக்காதீர்கள், கோடுகளின் இடைவெளி அடைத்துக்கொள்ளும்.

பிடிஎஃப்பில் எழுத்துரு உட்பொதிந்திருக்கிறதா என்பதை அக்ரோபேட்டில் ப்ராப்பர்ட்டீஸ், ஃபான்ட்ஸ் தாவலில் பாருங்கள். எம்பெடட் என்று இல்லாவிட்டால் சிவகாசியில் திறக்கும்போது கட்டமாகவோ வேறு முகமாகவோ வரும். ஒரு பக்கம்தானே, எழுத்தை அவுட்லைனாக மாற்றிக் கொடுத்துவிடுவது இன்னும் பத்திரம். மாற்றுவதற்கு முன் பிரதி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திருத்த முடியாது.

கடைக்கு பில் பிரின்டர் வாங்கினோம். ரூபாய்க் குறி வரவேண்டிய இடத்தில் சீன எழுத்து அச்சாகிறது!
– மளிகைக் கடை, கோட்டையூர்

இது மேலே உள்ளவற்றின் தலைகீழ். பிரின்டர் சீனச் சந்தைக்கான அமைப்பில் இருக்கிறது. 128-க்கு மேற்பட்ட பைட் எது வந்தாலும் பக்கத்துப் பைட்டோடு சேர்த்துச் சீன எழுத்தாக்கும். ரூபாய்க் குறி யுடிஎஃப் 8-இல் மூன்று பைட். முதல் இரண்டும் ஒரு சீன எழுத்தாகிவிட, மூன்றாவது துணை தேடும். விலையின் முதல் இலக்கம் சில பில்லில் காணாமல் போனால் காரணம் அதுதான்.

பிரின்டரை அணைத்து, ஃபீட் பொத்தானை அழுத்தியபடியே இயக்குங்கள். சோதனைச் சீட்டு வரும். அதில் சைனீஸ் மோடு என்பதற்கு நேராக ஆன் அல்லது யெஸ் என்று இருந்தால் பிரின்டரோடு வந்த செட்டிங் மென்பொருளிலோ அடியிலுள்ள டிப் ஸ்விட்ச் என்ற சின்ன விசைகளிலோ அணைத்துவிடலாம். முடியாவிட்டால் பில் மென்பொருள் போட்டுத் தந்தவரிடம், ஒவ்வொரு பில்லின் தொடக்கத்திலும் 28, 46 என்ற இரண்டு பைட்டை அனுப்பச் சொல்லுங்கள். சீன வகையை அணைக்கும் கட்டளை அது. 27, 64 என்ற தொடக்கக் கட்டளைக்குப் பிறகு போகவேண்டும், முன்னால் போனால் அது அழித்துவிடும்.

அணைத்ததும் சீனம் போகும், ரூபாய்க் குறி வந்துவிடாது. 2010-இல்தான் அது யூனிகோடில் சேர்ந்தது, பல பிரின்டர்களின் உள்ளெழுத்தில் கிடையாது. ஆங்கிலத்தில் ஆர்எஸ் என்று அச்சிடுங்கள். தமிழில் பில் வேண்டுமென்றால் எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்பும் வசதி உங்கள் மென்பொருளில் இருக்கிறதா என்று கேளுங்கள், அச்சு சற்று மெதுவாகும்.